நாலு மில்லிமீட்டர்

பள்ளிப் புத்தகத்தில் உலோகம் சூட்டில் நீளும் பாடம் வந்தால் கூடவே ஒரு தண்டவாளப் படமும் வரும். மே மாத வெயில், கொதிக்கும் இரும்பு, நடுவில் ஓர் இடைவெளி. அதைப் படித்தவர்களுக்கு இது திருச்சிக்கும் வேலூருக்கும் உரிய சமாச்சாரம், ஸ்வெட்டர் போட்டுத் திரியும் நீலகிரிக்கு இதில் என்ன வேலை என்றுதான் தோன்றும். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பராமரிப்பு வேலையில் காலம் தள்ளியவன் நான். என்னைக் கேட்டால், மலையில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பேன்.

எவ்வளவு சூடு என்று உலோகம் பார்ப்பதில்லை. ராத்திரிக்கும் பகலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றுதான் பார்க்கிறது. சென்னையில் மே மாத ராத்திரி 29, பகல் 39 என்றால் வித்தியாசம் பத்து டிகிரி. ஜனவரியில் ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் விடிகாலைப் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். மத்தியானம் இருபது டிகிரியைத் தொடும். அது காற்றின் கணக்கு மட்டுமே. தகரத்தின் கணக்கு வேறு. மேகமில்லாத ராத்திரியில் கூரைத் தகரம் தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே காரின் மேலும் கூரையின் மேலும் பனி உறைவது இதனால்தான். காலை பத்து மணிக்கு அதே தகரத்தின்மேல் மலை வெயில் விழுகிறது. இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. குளிர்கால வெயில் சுள்ளென்று இறங்கும். மத்தியானம் கை வைத்தால் வைத்த கையை எடுத்துவிடுவீர்கள். பூஜ்யத்திலிருந்து ஐம்பது டிகிரி வரை, ஒரே பகலில்.

கணக்கு போடுவது சுலபம். நீளத்தை வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, அதை அந்த உலோகத்துக்கு உரிய விரிவு எண்ணால் பெருக்கினால் போதும். ஒரு மீட்டர் இரும்பு, ஒரு டிகிரி சூடு ஏறினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். அதைப் பத்து லட்சத்தில் 12 பங்கு என்று சொல்வார்கள். அதே வரிசையில் செம்பு 17, பித்தளை 19, அலுமினியம் 23, ஈயம் 29. குண்டு பல்பின் இழையில் இருக்கும் டங்ஸ்டன் வெறும் 4.5.

இப்போது கூரைக்கு வருவோம். பன்னிரண்டு அடி இரும்புத் தகரம் ஐம்பது டிகிரி ஏறினால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீளும். அலுமினிய ஷீட் என்றால் நாலு மில்லிமீட்டர். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அந்த ஷீட்டைத் தாங்கும் மரச்சட்டம் அடியில் நிழலில் இருக்கிறது. அது அவ்வளவு சூடாவதில்லை. சூடானாலும் மரம் நீளவாக்கில் இரும்பில் பாதிகூட விரியாது. மேலே ஷீட் நகரப் பார்க்கிறது, கீழே சட்டம் அசைய மாட்டேன் என்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது ஸ்க்ரூ.

எங்கள் வீட்டில் பழைய தகரத்தைக் கழற்றிவிட்டு அலுமினிய ஷீட் போட்டோம். வந்த ஆள் நல்ல வேலைக்காரர்தான், சுறுசுறுப்பு. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வாஷர் நசுங்குகிற அளவுக்கு முறுக்கிவிட்டு, “இனி அசையாதுங்க, காத்தே அடிச்சாலும் அசையாது” என்றார். அசையாமல் என்ன செய்யும்? பகலில் நீண்டது, ராத்திரி சுருங்கியது. ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ ஓட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவமானது, ரப்பர் வாஷர் ஒரு பக்கம் கிழிந்தது. ஐப்பசி மழை வந்தபோது சமையலறையில் குண்டான் வைத்துத் தண்ணீர் பிடித்தோம். மேலே ஏறிப் பார்த்தால் கூரையின் கீழ் ஓரத்தில் இருந்த ஓட்டைகள்தான் மோசமாக இழுபட்டிருந்தன. உச்சியில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. இழுபட்ட பக்கம் பார்த்தாலே ஷீட் எந்தத் திசையில் நகர்ந்தது என்று படிக்கலாம்.

அப்புறம் சரி செய்ததும் அதை வைத்துத்தான். உச்சியில் மட்டும் இறுக்கமான பிடி. கீழே வரவர ஓட்டையை ஸ்க்ரூவின் தண்டைவிட நாலைந்து மில்லிமீட்டர் வரை பெரிதாகப் போட்டு, அகலமான வாஷரால் மூடி, வாஷர் லேசாக அமுங்கும் அளவோடு முறுக்கை நிறுத்தினோம். ஷீட் இப்போது வாஷருக்கு அடியில் சறுக்கிக்கொள்கிறது. வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் கூரை ‘டக், டக்’ என்று சத்தம் போடும். உராய்வு பிடித்து வைத்திருந்த ஷீட் ஒரு கட்டத்தில் விடுபட்டுத் துள்ளுகிற சத்தம் அது. ராத்திரியில் யாரோ மேலே நடக்கிற மாதிரி இருக்கிறது என்று விருந்தாளிகள் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

உலோகம் ஏன் நீள்கிறது என்பதற்குப் பள்ளியில் சொல்லும் விடை பாதிதான். சூட்டில் அணுக்கள் அதிகமாக அதிர்கின்றன, அதனால் அதிக இடம் கேட்கின்றன என்பார்கள். அதிர்வது மட்டும் போதாது. ஓர் அணு இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறதோ, அந்தப் பக்கமும் அவ்வளவே போய் வந்தால் அதன் சராசரி இடம் மாறவே மாறாது. எவ்வளவு ஆட்டினாலும் கம்பி நீளாது. உண்மையில் அணுக்களுக்கு நடுவே இருக்கும் விசை ஒருதலைப்பட்சமானது. இரண்டு அணுக்களை நெருக்கித் தள்ளுவது மிகக் கடினம். கொஞ்சம் விலக்குவது அதைவிடச் சுலபம். அதனால் அதிர்வு கூடும்போது அவை நெருங்குவதைவிட விலகுவது அதிகமாகிறது. சராசரி தூரம் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. இந்தச் சாய்வுதான் நீளம். இதைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லலாம். சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

இதிலிருந்து இன்னொரு அழகான விஷயமும் வருகிறது. அணுக்களை இறுக்கமாகக் கட்டிவைத்திருக்கும் உலோகம் எளிதில் உருகாது, எளிதில் நீளவும் செய்யாது. ஈயம் 327 டிகிரியில் உருகும். விரிவு எண் 29. அலுமினியம் 660, எண் 23. செம்பு 1085, எண் 17. இரும்பு 1538, எண் 12. டங்ஸ்டன் 3422 டிகிரி வரை தாங்கும், எண் 4.5. ஒன்று ஏற ஏற மற்றது இறங்குகிறது. துல்லியமான விதி என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் பெயர் தெரியாத ஓர் உலோகத்தின் உருகுநிலை மட்டும் தெரிந்தால் அது எவ்வளவு நீளும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

ஃபேக்டரியில் இந்த விரிவை வேலைக்கே வைத்துக்கொள்வோம். ஷாஃப்ட்டில், அதாவது சுழலும் தண்டில், புதுப் பேரிங் வளையம் ஏற்றும்போது அதன் உள்வட்டம் ஷாஃப்ட்டைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்கும். இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சுற்றும். சுத்தியலால் தட்டி ஏற்றலாம், பேரிங் பாழாகும். ஒழுங்கான வழி, ஒரு டப்பாவில் எண்ணெய் ஊற்றி, பேரிங்கைக் கம்பியில் கோத்து அடியில் படாமல் தொங்கவிட்டு, நூறு டிகிரிக்குக் காய்ச்சுவது. அடியில் பட்டால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகிவிடும்.

எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன் புதிதாக வரும் பையன்களிடம் அடுப்பு எரியும்போதே ஒரு கேள்வி போடுவார்.

“தம்பி, பேரிங் சூடானா உள்ள இருக்கற ஓட்டை பெருசாகுமா, சின்னதாகுமா?”

“சின்னதாகுங்கண்ணா. இரும்பு எல்லாப் பக்கமும் வீங்கும்ல, உள்பக்கமும் வீங்குமே.”

“அப்ப எண்ணெய்ல போட்டு நான் எதுக்குக் காய்ச்சிட்டு இருக்கேன்?”

பையன் தலையைச் சொறிவான். அண்ணன் விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். கையுறை போட்டுப் பேரிங்கை எடுத்து ஷாஃப்ட்டில் விடுவார். அது ஷாஃப்ட்டின் தோள், அதாவது தண்டு தடிக்கும் இடம், வரை ஒரே வழுக்கலாகப் போய் உட்காரும். சில நொடிகள் அழுத்திப் பிடித்துக்கொள்வார், ஆறும்போது பின்னால் நழுவாமல் இருக்க. அதற்குப் பிறகு யாராலும் கையால் கழற்ற முடியாது.

விளக்கம் இதுதான். அந்த வளையத்தின் உள்விளிம்பை ஓரிடத்தில் வெட்டி நேராக நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நீளம். சூட்டில் அந்த நீளமும் கூடும். கூடிய நீளத்தை மறுபடி வட்டமாக வளைத்தால் வட்டம் பெரிதாகத்தானே இருக்கும்? ஒரு படத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுக்கும்போது படத்தில் உள்ள ஓட்டையும் சேர்ந்து பெரிதாகிற மாதிரிதான். ஐம்பது மில்லிமீட்டர் உள்வட்டம் எண்பது டிகிரி ஏறினால் 0.048 மில்லிமீட்டர் அகலும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை, ஆனால் அந்த வேலைக்கு அது தாராளம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர் செய்வதும் இதையேதான். பட்டையைச் சற்றுச் சிறிதாக அடித்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். சுருங்கும் பட்டை ஆரக்கால்களை எல்லாம் குடத்தோடு சேர்த்து நெரித்துவிடும்.

நம் மலை ரயிலின் நீராவி எஞ்சின் சக்கரங்களிலும் வெளிப்பட்டை இப்படிச் சூட்டில் ஏற்றியதுதான். அந்த ரயிலைப் பற்றிச் சொல்லாமல் நீலகிரியில் இரும்பைப் பற்றி எழுத முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் வந்து சேர்ந்த 46 கிலோமீட்டர் பாதை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே இரட்டைப் பல்வரிசை ஓடும். ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. சுற்றுலாப் பயணிகள் பல்வரிசையைப் படம் எடுப்பார்கள். எனக்கு அந்த ரயிலில் பிடித்தது தண்டவாள இணைப்புகளின் ‘தடக் தடக்’. பன்னிரண்டு மீட்டர் தண்டவாளம் ஒன்று, குளிர்ந்த விடிகாலைக்கும் வெயில் மத்தியானத்துக்கும் நடுவே முப்பது டிகிரி ஏறினால் நாலு மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் அந்த இடம் வேண்டும். 46 கிலோமீட்டரும் ஒரே துண்டாக, தடையில்லாமல் கிடந்தால் அதே முப்பது டிகிரிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் நீளும். வளைவுகள் நிறைந்த பாதையில் இடம் கொடுக்காமல் விட்டால் தண்டவாளம் வளைவின் வெளிப்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும்.

எஞ்சினுக்குள்ளும் இதே கதை. பத்து கிலோ அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 180 டிகிரிக்கு மேல் வேண்டும். நாலு மீட்டர் பாய்லர் என்று வைத்துக்கொண்டால் காலையில் பற்றவைத்து ஆவி ஏறுவதற்குள் அது ஏழெட்டு மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதைத் தாங்கும் சட்டமோ குளிர்ந்தே இருக்கும். அதனால் நீராவி எஞ்சின்களில் பாய்லரைப் புகைபோக்கி இருக்கும் முன்முனையில் மட்டும் இறுக்கிப் பூட்டுவார்கள். நெருப்புப் பெட்டி இருக்கும் பின்முனை தாங்கிகளின்மேல் சறுக்கும். எங்கள் கூரையில் உச்சியைப் பூட்டிக் கீழே விட்டதும் இதுவே என்று பின்னால்தான் உறைத்தது.

இடம் கொடுப்பது ஒரு வழி. இன்னொரு வழி முரட்டு வழி: அசையவே விடாமல் பிடித்துக்கொள்வது. சமவெளியின் அகல ரயில் பாதைகளில் இப்போது தண்டவாளங்களை நீளநீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். இடைவெளி கிடையாது, தடக் சத்தமும் கிடையாது. நீளத் துடிக்கும் இரும்பைக் கிளிப்புகளும் கான்கிரீட் ஸ்லீப்பர்களும் ஜல்லியும் சேர்ந்து பிடித்துவைக்கின்றன. நீளாத நீளம் எல்லாம் அழுத்தமாக மாறுகிறது. மீட்டருக்கு அறுபது கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் முப்பது டிகிரிக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து டன் விசை. ஜல்லி குறைந்த இடத்தில் அது பாம்பாக நெளிந்துவிடும். அதனால்தான் கோடை மத்தியானங்களில் கேங்மேன்கள் பாதையில் நடந்து பார்க்கிறார்கள். அதனால்தான் பற்றவைத்த தண்டவாளத்தை அந்த ஊரின் நடுத்தர வெப்பநிலைக்கு ஏற்பப் பூட்டுகிறார்கள், கோடையில் அழுத்தமும் குளிரில் இழுவிசையும் இரண்டுமே தாங்கும் அளவில் நிற்கட்டும் என்று. இடம் கொடுத்தாலும் பிழைக்கும், முழுசாகப் பிடித்தாலும் பிழைக்கும். முதலில் போட்ட எங்கள் கூரை மாதிரி, முழுசாகப் பிடிக்கவும் முடியாமல் இடமும் கொடுக்காமல் நின்றதுதான் கெட்டுப்போகிறது.

மூன்றாவது வழியும் உண்டு: நீளாத உலோகத்தைத் தேடுவது. அதைக் கண்டுபிடித்தவரும் ஒரு சுவிஸ்காரர்தான். ஷார்ல் எத்வார் கியோம், பாரீஸ் அருகே சர்வதேச எடை அளவு நிலையத்தில் வேலை பார்த்தவர். 1896-ல் இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்த கலவை இரும்பில் பத்தில் ஒரு பங்குதான் நீள்கிறது என்று கண்டார். சூடு ஏறும்போது அதன் காந்தத் தன்மை குறைகிறது. அதனால் வரும் சுருக்கம் வெப்ப விரிவைச் சரிக்கட்டிவிடுகிறது. இன்வார் என்று அதற்குப் பெயர். நில அளவைக் கம்பிகள், கடிகார ஊசல்கள் எல்லாம் அதில் வந்தன. 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விலை அதிகம், ஆகவே கூரைக்குப் போட முடியாது.

பிடித்து வைப்பதன் அருமையைப் பார்க்க முத்தோரைக்குப் போக வேண்டும். ஊட்டி வானொலித் தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் கட்டி 1970-ல் முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான பதினொரு டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே சுழற்சியில் வானத்துப் பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். அதன் பிரதிபலிக்கும் பரப்பு தகடு இல்லை. 23 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் 24 பரவளையச் சட்டங்களின்மேல் ஓடும் 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்.

முதல் தடவை சாலையிலிருந்து அதைப் பார்த்தபோது என் மூளை நேராகக் கணக்குக்குப் போய்விட்டது. துருப்பிடிக்காத எஃகின் விரிவு எண் 17. 530 மீட்டர் கம்பி, இருபத்தைந்து டிகிரி வித்தியாசத்துக்கு 22 சென்டிமீட்டர் நீளும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே, 23 மீட்டரில், ஒரு சென்டிமீட்டர். அவ்வளவுதானே என்று விட்டுவிடக் கூடாது. நேராக இருந்த கம்பியில் ஒரு சென்டிமீட்டர் தளர்ச்சி விழுந்தால் நடுவில் எவ்வளவு தொங்கும் தெரியுமா? ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர். நம்பாதவர்கள் வீட்டில் துணிக்கொடியை வைத்துப் பார்க்கலாம். இந்தத் தொலைநோக்கி பார்க்கும் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். பரப்பின் மேடுபள்ளம் அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஆறு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. முப்பது என்றால் கம்பி கம்பியாகவே இருக்கும், தொலைநோக்கியாக இருக்காது.

ஆகவே, கம்பியை முன்கூட்டியே இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும். மத்தியான வெயிலில் நீண்ட பிறகும் கொஞ்சம் இழுவிசை மிச்சம் இருக்கிற அளவுக்கு. அதே சமயம் ஜனவரி ராத்திரியில் சுருங்கும்போது அறுந்துவிடாத அளவுக்கு. இருபத்தைந்து டிகிரி மாற்றம் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் எட்டு கிலோ எடை தொங்கவிட்டதற்குச் சமம். எஃகு அதைத் தாங்கும், கவலையில்லை. ஆனால் அந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே 1100 கம்பிகளையும் நிறுத்த வேண்டுமே.

மின்கம்பியில் இந்தத் தொங்கல் கணக்கு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். குந்தா பக்கம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகும் கம்பிகளைப் பாருங்கள். அலுமினிய இழைகளுக்கு நடுவே எஃகு நடுத்தண்டு. இரண்டும் சேர்ந்து எண் 19-க்குப் பக்கம். முந்நூறு மீட்டர் இடைவெளியில் ஆறு மீட்டர் தொங்கும் கம்பி முப்பது டிகிரி ஏறினால் நீளத்தில் கூடுவது பதினேழு சென்டிமீட்டர்தான். ஆனால் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். கம்பியில் ஓடும் மின்சாரமும் அதைச் சூடாக்கும் என்பதால் கடைசிக் கணக்கு இன்னும் கூடுதல். அதனால் புதுக் கம்பி இழுக்கும் லைன்மேன்கள் கையில் ஒரு அட்டவணை இருக்கும்: இன்ன வெப்பநிலைக்கு இன்ன தொங்கல். ஏப்ரல் மத்தியானத்தில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று விறைப்பாக இழுத்துக் கட்டினால், உறைபனி ராத்திரியில் அந்தச் சுருக்கத்தை இன்சுலேட்டரும் கோபுரக் கையும்தான் தாங்கியாக வேண்டும். ஜனவரி காலையில் கட்டுகிறவர்கள் அட்டவணைப்படி விறைப்பாகவே இழுக்கலாம். வெயில் ஏறினால் அது தானாக இறங்கிக்கொள்ளும்.